மூன்று தலைகளில் வைத்த தாலாட்டு

சூடத்தை ஏற்றி அணைத்துச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளைக்கே என் நாக்கு புழுத்துப் போகட்டும்.

தாமிரபரணிக் கரையில் மொட்டைப்பாறைச் சாமி என்று ஒருவர் இருந்தார். அவரிடம் சீடனாகச் சேர வருகிறவன் தன்னிடம் மிச்சமிருக்கும் கடைசிப் பொருளை ஆற்றில் எறிய வேண்டும். அங்கே அதுதான் வழக்கம்.

கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்த இளவழகன், செல்போனை ஆற்று மடுவில் எறிந்தான். களுக்கென்று முங்கிப் போனது.

"கை நடுங்கவே இல்லையே. அதுக்குள்ள ஒண்ணும் இல்லையோ?" என்றார் சாமி.

"செத்துப்போன என் மகளோட குரல் இருந்துது சாமி. ஆனா அது போகாது. கிளவுட்ல போட்டு வச்சிருக்கேன்."

"அது என்னதுடே?"

"பேருதான் மேகம். மேல ஒண்ணும் கிடையாது. எவனோ ஒருத்தன் பெரிய கட்டடம் கட்டி, கம்ப்யூட்டரா அடுக்கி வச்சிருக்கான். நம்ம பொருளை அதுல வச்சுக்கலாம். இன்டர்நெட் இருந்தா எந்த ஊர்ல இருந்தும் எடுக்கலாம். கூட இடம் வேணுமா, கேட்ட நிமிஷம் கிடைக்கும். வேண்டாமா, விட்டுரலாம். புழங்கினதுக்கு மட்டும் வாடகை."

"கட்டடம் தீப்பிடிச்சா?"

"மூணு இடத்துல நகல் இருக்கும்."

சாமி தாடியைச் சொறிந்தார். "இதை நான் அந்தக் காலத்துலயே செஞ்சிருக்கேனே."

இளவழகன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"என் தலை சின்னத் தலை. எல்லாம் கொள்ளல. பக்கத்து ஊர்க்காரங்க தலையில வாடகைக்கு வச்சேன். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வர்ற கூட்டத்தோட பேரெல்லாம் நினைவு வைக்கணுமா, கூட நாலு தலை பிடிப்பேன். கொடை முடிஞ்சதும் விட்டுருவேன். எங்கம்மா பாடின தாலாட்டை மட்டும் மூணு தலையில வச்சேன். ஒருத்தன் செத்தாலும் பாட்டு சாகக் கூடாதுல்லா. தலைக்கு ஒரு மரக்கால் நெல்லு."

"அச்சு அசலா அதேதான் சாமி."

"ஒரு வருஷம் மழை பொய்ச்சுது. அளக்க நெல்லு இல்ல. முதல் ஆளைப் போய்க் கேட்டேன், வாயைத் திறக்கல. மத்த ரெண்டு பேரும் அப்படியே. பிறகுதான் தெரிஞ்சுது, மூணு பேரும் ஒரே பண்ணையார் வீட்டுச் சோறு தின்னுறவனுங்க. மறுவருஷம் நெல்லோட ஓடினேன். என் பாட்டை வழிச்சு எறிஞ்சுட்டு, அந்த இடத்துல எவனோட மாட்டுக் கணக்கையோ வச்சிருந்தானுங்க."

இளவழகன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"உன் வாடகையை யாருடே அளக்கா?"

"மாசாமாசம் சம்பளம் வர்ற கணக்குல பிடிப்பாங்க."

"சம்பளம்?"

"வேலையை விட்டாச்சு. துறவிக்கு எதுக்குன்னு பேங்க் கணக்கையும் மூடிட்டேன்."

"ஒரு எட்டு போய் எடுத்துட்டு வந்துரு."

"திறக்கிற ரகசிய எண் அந்தப் போனுக்குத்தான் வரும் சாமி."

இருவரும் மடுவைப் பார்த்தார்கள். தண்ணீர் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இளவழகன் கேட்டான். "அந்தத் தாலாட்டு... ஒரு வரிகூடவா நினைவில்ல?"

"ஒரு பாட்டு இருந்துதுங்கிறது மட்டும் நினைவிருக்கு" என்றார் சாமி.

இளவழகன் இன்றைக்கும் அந்த மடுவில் முங்கித் தேடுகிறான். இதையெல்லாம் ஊருக்குச் சொன்னது யாரென்று அவன் கேட்டால், உங்களுக்குப் புண்ணியமாய்ப் போகும், என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.