குஞ்சிதபாதத்தின் கெட்டி மேளம்

அபயாம்பாள் அன்றைக்கு ஒரு முடிவோடுதான் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். சின்ன மகள் கல்யாணத்துக்குத் தவில் கிடையாது, செண்டை மேளம்தான். காரணம் மாயவரத்துக்கே தெரியும். தாலி ஏறும்போது அபசகுனமான சத்தம் எதுவும் காதில் விழக்கூடாதென்றுதானே கெட்டி மேளம் கொட்டச் சொல்கிறோம்? மூத்தவள் கல்யாணத்தில் அது அரை நொடி பிந்திவிட்டது. அந்த அரை நொடியில் யாரோ தும்மினார்கள். மண்டபம் முழுக்கக் கேட்டது. நாலு வருஷமாக சம்பந்தி வீட்டில் பால் திரிந்தால்கூட அந்தத் தும்மலைத்தான் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு அவளுக்கு மனசு புண்ணாகிப் போயிருந்தது.

எதிரே தவில்காரர் குஞ்சிதபாதம் ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு, தவிலை மடியில் வைத்து, வலது கை விரல்களுக்குக் கூடு மாட்டிக்கொண்டிருந்தார். செண்டை என்று கேள்விப்பட்டு, ஒரு தடவை வாசித்துக் காட்டத்தான் வந்தவர். ஆனால் காபி உள்ளே போனதும் முதலில் வாய்தான் வாசிக்கத் தொடங்கியது.

"செண்டை காதுக்குக் கேக்கும்மா. தவில் அடிவயித்துக்குக் கேக்கும். வலப்பக்கம் கணீர்னு பேசும், இடப்பக்கம் கும்முனு உறுமும். ரெண்டும் சேர்ந்துட்டா, வேற எந்தச் சத்தம் வந்தாலும் முழுங்கிடும்."

"முழுங்குமா?"

"குத்தாலத்துல ஒரு கல்யாணம். மாப்பிள்ளையோட மாமா தும்மினார். முழுங்கிட்டேன். பாவம், மனுஷனுக்குப் பன்னெண்டு வருஷமா தும்மலே வரல. பொடி டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டார்."

அபயாம்பாள் சிரிக்கவில்லை. உள்ளபடிக்கு அவளுக்குத் தவில் சத்தம் உயிர். கோயிலில் கொட்டினால் கையில் இருக்கிற வேலை நின்றுவிடும். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

"இன்னொரு மண்டபம், ரயில்வே லைனை ஒட்டி. தாலி கட்டுற நேரம் எக்ஸ்பிரஸ் போச்சு. ஒரு சின்னச் சத்தம்கூடக் கேக்கல. ஸ்டேஷன் மாஸ்டர் ஓடி வந்து, ரயில் போயிடுச்சான்னு நம்மளைக் கேக்கறார்."

"கேட் கீப்பரைக் கேட்டிருக்கலாமே?"

"அவர் எங்க பந்தியிலதாம்மா இருந்தார். ரெண்டாவது பாயசம்."

"சரி, அப்புறம்?"

"ஐப்பசியில திருவெண்காட்டுல ஒரு முகூர்த்தம். மின்னல் வெட்டுச்சு. இடி இன்னும் வரல."

"எங்க போச்சாம்?"

குஞ்சிதபாதம் தவிலின் வயிற்றைத் தடவிக்கொடுத்தார். "எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. அதனாலதான் பதினஞ்சு வருஷமா தோல் மாத்தல. அவுத்தா ரயிலு, இடி, தும்மல் எல்லாம் ஒண்ணா வெளியில வரும். ஊர் தாங்காது."

அவ்வளவுதான், அபயாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. பெண்ணின் வாழ்க்கை இவருக்கு விளையாட்டாகப் போய்விட்டதா? எழுந்து நின்று ஆள்காட்டி விரலை அவர் முகத்துக்கு நேராக ஆட்டினாள். "இந்தாங்க, புளுகுறதுக்கும் ஒரு அளவு..."

முப்பது வருஷமாகத் தவில் வாசிக்கிற மனுஷன் முன்னால் விரலை ஆட்டலாமா? கெட்டி மேளத்துக்கு அதுதானே சைகை! யார் ஆட்டினார்கள், எதற்கு ஆட்டினார்கள் என்றெல்லாம் கை விசாரித்துக்கொண்டிருக்காது. விரல் அசைந்ததும் கெட்டி மேளம் விழுந்துவிட்டது. கூடம் அதிர்ந்தது. பூஜை அலமாரியில் மணி தானாக ஆடியது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி முறத்தோடு ஓடி வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பிடி அள்ளித் தூவினாள். அபயாம்பாள் சொல்ல வந்ததைக் கடைசி வரை சொல்லி முடித்தாள். வேண்டாம் என்றாள், செண்டைக்காரர்களிடம் பேசியாகிவிட்டது என்றாள், இனி இந்தப் பக்கம் வராதீர்கள் என்றாள். அதில் ஒரு வார்த்தைகூட அவள் காதிலேயே விழவில்லை.

மேளம் நின்றது. குஞ்சிதபாதம் குச்சியைக் கீழே வைத்தார்.

"முகூர்த்தம் என்னிக்கும்மா?"

"வேண்டாம்னு சொன்னேனே!"

"எனக்குக் கேக்கலையேம்மா."

அபயாம்பாள் புருஷனைத் தேடித் திரும்பினாள். காலையிலிருந்து பேப்பருக்குப் பின்னால் வாயே திறக்காமல் இருந்த சிவக்கொழுந்து, அதற்குள் உள்ளே போய் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து நின்றார்.

"எனக்கும் கேக்கல," என்றார்.