பதினேழாம் நம்பரின் பிடி

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் ஒரு பழைய கார் நின்றது. வைத்திருந்தவன் பெயர் தளவாய். கல்யாண வீடுகளுக்கு நாற்காலியும் பந்தலும் வாடகைக்கு விடுகிறவன். அவனுக்குக் காரை ஓட்டத் தெரியும், கழுவத் தெரியும், அவ்வளவுதான்.

அவன் மனைவி சொர்ணலதாவுக்கு நிறைமாதம். "இனி எந்த நேரமும் வலி எடுக்கலாம், வண்டியைத் தயாரா வச்சுக்கிடுங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வண்டியோ எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டிய கெடுவைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரரிடம் கேட்டால், "விட்டுட்டுப் போங்க, ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றார். அந்த ரெண்டு நாளுக்குள் வலி வந்துவிட்டால் என்ன செய்வது? காரை விட்டுவர மனசு வராமல், தானே ஆயில் மாற்றிவிடுவது என்று தளவாய் முடிவு கட்டினான்.

முடிவு கட்டியதெல்லாம் சுலபம்தான். என்ன சாமான் வேண்டும் என்று பார்க்கப் போனபோதுதான் தலை சுற்றியது. போனில் பார்த்த வீடியோ ஒவ்வொன்றிலும் ஒருவர் ஒவ்வொரு சாமானைத் தூக்கிப் பிடித்து, இது இல்லாமல் காருக்கு அடியில் போகவே கூடாது என்றார். அடுத்தவர் அதையே தூக்கி எறியச் சொன்னார். தளவாய் ஹார்ட்வேர் கடையில் போய்க் குழம்பி நின்று, எதை வாங்க எதை விட என்று தெரியாமல் எல்லாவற்றிலும் ஒன்று வாங்கினான். கடைக்காரர் ஒரு ரிங் ஸ்பானரைத் தனியாக எடுத்து நீட்டினார். "இந்த வண்டிக்குப் பதினேழாம் நம்பர்தாம் அண்ணாச்சி. கண்ணை மூடிட்டுக் கொண்டு போங்க."

தளவாயும் அப்படியே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினான்.

அந்தப் பதினேழாம் நம்பர் கடைச் சுவரில் வெகுகாலம் ஆணியில் தொங்கிக் கிடந்தது. பக்கத்தில் தொங்கிய பத்தும் பன்னிரண்டும் விற்றுப்போய் விற்றுப்போய்ப் புதிதாக வந்து தொங்கும். இதை எடுப்பவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் மாட்டிவிடுவார்கள். ஒரு தடவையாவது ஒரு போல்ட்டைக் கவ்விப் பார்த்துவிட வேண்டும் என்பதே அதன் ஒரே ஆசை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு சாக்கை விரித்துத் தளவாய் எல்லாவற்றையும் பரப்பி வைத்தான். அவன் உள்ளே போனை எடுக்கப் போன இடைவெளியில் சாக்கின்மேல் பேச்சு ஆரம்பித்தது.

ஸ்க்ரூ ஸ்பானர் வாயை அகட்டிக் காட்டியது. "எந்த போல்ட்டா இருந்தா என்ன வே? நான் வாயைக் கூட்டிக் குறைச்சுக்கிடுவேன். நான் ஒருத்தன் போதும். நீங்கள்லாம் எதுக்கு வந்தியன்னுதான் தெரியல."

"நீரு வாயைக் கூட்டிக் குறைச்சே போல்ட்டு மூலையெல்லாம் தேய்ச்சு மொழுக்கையாக்கிருவீரு," என்றது கட்டிங் பிளேயர். "அதுக்கப்புறம் என்னையத்தான் கூப்பிடணும்."

"ஃபில்டரை யாரு கழத்துவா? அதைப் பேசுங்க முதல்ல," என்றது ஃபில்டரைச் சுற்றிப் பிடிக்கிற பெல்ட்.

"ஃபில்டரு கடைசியில."

"இல்ல, முதல்ல."

"நடுவுல வே, நடுவுல!"

"எல்லாரும் திறக்கிறதையே பேசுதீய," என்று அழுக்குப் பேசின் குறுக்கிட்டது. துணி ஊறவைக்க லாயக்கில்லை என்று கழித்துக் கட்டிய பேசின் அது. "வடியுறத யாரு வாங்குவா? நான் இல்லன்னா வாசல்தான் வாங்கணும்." ஊற்றுவது யார் என்று புனல் கேட்க ஆரம்பித்தது. அதற்குள் எல்லாமும் ஒரே நேரத்தில் பேசியதால் அது கேட்டது யார் காதிலும் விழவில்லை.

பதினேழுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணாச்சிமார் இப்படிச் சண்டை போடுகிறார்களே, இதில் நம் வேலை என்ன, நமக்கு வேலை உண்டா இல்லையா? யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. என்ன திறக்கப் போகிறோம், அது எங்கே இருக்கிறது என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பது அப்போது அதற்கும் தோன்றவில்லை.

தளவாய் வந்தான். ஃபில்டரைப் பற்றி வீடியோக்காரர்களுக்குள்ளும் அதே சண்டைதான் போலிருக்கிறது. "அதை அடுத்த தடவை பாத்துக்கிடுவோம்" என்று பெல்ட்டைத் தள்ளி வைத்தான். ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, பதினேழைக் கையில் பிடித்துக்கொண்டு அடியில் நுழைந்தான். பதினேழுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடியில் ரெண்டு போல்ட் இருந்தன. வீடியோவில் காட்டிய காரில் ஒன்றுதான் இருந்தது. தளவாய் இதைப் பார்த்தான், அதைப் பார்த்தான், போனைப் பார்த்தான். மல்லாந்து படுத்ததில் இடது எது வலது எது என்பதும் மாறிப் போயிற்று. சரி, மாட்டிப் பார்ப்போம் என்று கிட்டத்தில் இருந்த போல்ட்டில் பதினேழை மாட்டினான். லொடலொடவென்று ஆடியது.

"தம்பி, எஞ்சின் ஆயிலுக்கு நான்தான் கதவு," என்றது கரிபிடித்த அந்த போல்ட். "ஆனா எனக்குப் பதினாலுதான் சேரும். வண்டியோட வந்த பழைய பதினாலு டிக்கியில ஸ்டெப்னிக்கு அடியில கிடக்கான். அவனைக் கூப்பிடச் சொல்லு."

"என்ன, சேரலியே?" என்று தளவாய் முணுமுணுத்தான். பதினேழுக்குக் கடைச் சுவர் ஞாபகம் வந்தது. அவ்வளவுதானா, மறுபடியும் சுவரா?

தளவாய் மற்ற போல்ட்டில் மாட்டினான். கச்சென்று உட்கார்ந்தது. இம்மி ஆடவில்லை.

"ஆங், இதான்!" என்றான் தளவாய். கடைக்காரர் சொன்ன நம்பர், அந்த நம்பர் சேருகிற போல்ட். அப்புறம் என்ன சந்தேகம்? போல்ட்டுக்கு ஸ்பானர் தேடப் போன நாம் ஸ்பானருக்கு ஒரு போல்ட்டைத் தேடிப் பிடித்துவிட்டோமே என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

"யாரு வே அது?" என்று போல்ட் திடுக்கிட்டது. "நீரு வந்த வீடு இது இல்ல. நான் கியர்பாக்ஸு ஆளு. எஞ்சின் அங்கன இருக்கு."

"ஆனா நான் சேருதேனே?" என்றது பதினேழு.

"சேந்தா? சேந்தா ஆச்சா? என்னையத் திறந்தா கியர்லாம் காய்ஞ்சு போகும் வே. உள்ள சக்கரம் சக்கரத்தைத் தின்னுரும்."

பதினேழுக்கு ஒரே குழப்பம். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது எப்படித் தப்பாக இருக்க முடியும்? அந்த எஞ்சின் போல்ட்டோடு ஆடிய ஆட்டமல்லவா தப்பு? ஒருவேளை இந்த போல்ட் திறக்கப் பயந்து பொய் சொல்கிறதோ? ஆனால் அந்தக் கரிபிடித்த போல்ட்டும் அதையேதானே சொன்னது? ரெண்டு பேருமா பொய் சொல்வார்கள்?

"இப்ப நான் என்ன செய்யணும் அண்ணாச்சி? மனுசனுக்கு நம்ம பேச்சு கேக்காதே."

"பேச்சு கேக்காது. நீரு நழுவினா கேக்கும். ஒரு தடவை வழுக்கி விடும். 'என்னடா இது'ன்னு வெளிய போயி ஒருக்க யோசிப்பான். அவ்வளவு போதும்."

நழுவுவதா? நழுவுகிற ஸ்பானரை யார் வைத்துக்கொள்வார்கள்? மூலையில் எறிவார்கள். முதல் நாள், முதல் போல்ட், இத்தனை அண்ணாச்சிமார் பார்த்துக்கொண்டிருக்கும்போது! தளவாய் மூச்சைப் பிடித்து இழுத்தான். பதினேழும் கண்ணை இறுக்கிக்கொண்டு கவ்வியது. போல்ட் ஒரு சத்தம் போட்டுத் திரும்பியது.

பேசினுக்குள் ஆயில் விழுந்தது. தேன் நிறத்தில், பளபளவென்று.

"சபாஷ்!" என்றது கட்டிங் பிளேயர். "சின்னப் பயலா இருந்தாலும் பிடி பிடிதாம் வே," என்றது ஸ்க்ரூ ஸ்பானர், பொறாமையை விழுங்கிக்கொண்டு.

வாசல்படியில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு சொர்ணலதா வந்து நின்றாள். மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்தினாள்.

"என்னங்க இது, இந்த நாத்தம் நாறுது? பழைய ஆயிலு தார் கணக்கா கருப்பா இருக்கும்னு சொன்னீய?"

"நான் வண்டியை அப்படி வச்சிருக்கேன் சொர்ணம்," என்றான் தளவாய் பெருமையாக. உள்ளூர அவனுக்கும் ஒருமாதிரி இருந்தது. ஆயிலும் சொன்ன அளவுக்கு வடியவில்லை. மிச்சம் ஓடி ஓடி எரிந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். போல்ட்டை மூடி, காரை இறக்கி, மேலே எஞ்சின் மூடியைத் திறந்து, புனலை வைத்துப் புது ஆயில் டப்பாவை முழுசாகக் கவிழ்த்தான்.

"ஐயா, நிறுத்துங்க!" என்று ஆயில் அளவுக் குச்சி கத்தியது. "உள்ள பழசு அப்படியே கிடக்கு. எனக்குக் கழுத்து முங்கிட்டு!"

தளவாய் குச்சியை உருவிப் பார்த்தான். மேல் கோட்டையும் தாண்டி எங்கேயோ இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். அப்படியேதான் இருந்தது. கொஞ்சம் வந்தது, நிறையக் காட்டுகிறது, என்ன கணக்கு இது? "வாசல் சரிவால்ல இருக்கு, அதான்," என்று குச்சியைச் சொருகிவிட்டான்.

இன்னும் கை கழுவவில்லை. உள்ளேயிருந்து சொர்ணலதாவின் குரல் வந்தது. "ஏங்க... சீக்கிரம் வாங்க..."

அப்புறம் எல்லாம் அவசரம். சாமான்களை வாரிப் பெட்டியில் போட்டு, பெட்டியை டிக்கியில் எறிந்து, சொர்ணலதாவைப் பின்சீட்டில் சாய்த்து உட்கார வைத்தான். கார் பின்னால் புகையைக் கக்கிக்கொண்டு தெருவைத் தாண்டியது.

இருட்டு டிக்கிக்குள் பதினேழு காதைக் கொடுத்துக் கேட்டது. முன்னாலிருந்து ஒரு முனகல் வந்தது. முதலில் மெல்ல, பிறகு ஊளை மாதிரி. அதனுடன் கலந்து சொர்ணலதாவின் முனகல். எது கியர்பாக்ஸ், எது அவள் என்று பிரித்தறிய முடியாமல் பதினேழு தவித்தது. தான் செய்த காரியம் என்ன என்பது அப்போதுதான் அதற்கு முழுசாக விளங்கியது.

நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? பெட்டியின் தகரத்தில் மோதியது. ஒவ்வொரு பள்ளத்திலும் பலம் கொண்ட மட்டும் எழும்பி மோதியது. டணார் டணார்.

"அது என்னங்க சத்தம்?" என்று சொர்ணலதா பல்லைக் கடித்தபடி கேட்டாள். "வண்டியில என்னமோ..."

"டிக்கியில சாமான் உருளுது, வேற ஒண்ணும் இல்ல. நீ பயப்படாத," என்றான் தளவாய்.

பதினேழு திகைத்துப் போனது. தன் சத்தமே கியர்பாக்ஸின் சத்தத்தை மூடிவிட்டதே! சட்டென்று அசையாமல் கிடக்கப் பார்த்தது. ரோட்டிலிருந்த பள்ளங்கள் விடவில்லை.

கொக்கிரகுளம் பாலத்தின்மேல் ஏறும்போது ஏதோ நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். கார் நின்றது. தளவாய் கியரைப் பிடித்து ஆட்டினான், உலுக்கினான், திட்டினான், கடைசியில் அழுதான். பின்னால் வரிசையாக ஹாரன். யாரோ ஒரு ஆட்டோவை மறித்தார்கள். "அக்காவைப் பிடிங்க, தலையைப் பாத்து, தலையைப் பாத்து!" கதவு திறந்தது, மூடியது. ஆட்டோ சத்தம் தூரத்தில் தேய்ந்தது.

அதன்பிறகு டிக்கிக்குள் ஒரு செய்தியும் வரவில்லை. போய்ச் சேர்ந்தாளா? பிள்ளை? பதினேழு தன் குளிர்ந்த இரும்போடு இருட்டில் கிடந்து மருகியது. அண்ணாச்சிமார் ஒவ்வொருவரும் தான் ஒன்றும் திறக்கவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

மறுநாள் வெயிலேறிய பிறகு டிக்கி திறந்தது. தளவாயும் அவன் மச்சினன் வேலாயுதமும் நின்றார்கள். வண்டியைக் கட்டி இழுக்கக் கயிறு எடுக்க வந்திருந்தார்கள். வேலாயுதத்தின் சட்டைப்பையில் ஆரஞ்சு மிட்டாய் நிறைய இருந்தது.

"மருமவ என்னைய மாதிரில்லா இருக்கா அத்தான். அக்காவும் நல்லாத்தான் இருக்கா, நீங்கதான் பேயறைஞ்ச மாதிரி நிக்கிய."

"ஆஸ்பத்திரி நடையில ஏறவும் பிள்ளை பொறக்கவும் சரியா இருந்திச்சு மாப்ளே. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா..."

பதினேழுக்கு உயிர் திரும்பி வந்தது.

வேலாயுதம் பேச்சை மாற்ற நினைத்தானோ என்னவோ, பெட்டியிலிருந்து அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "பட்டறைக்காரரு சொன்ன கியர்பாக்ஸு போல்ட்டை இதை வச்சா கழத்துனிய? மட்டமான சாமானோ? அதான் தப்பாப் போச்சோ?"

தளவாய் ஸ்பானரை வாங்கி அதிலிருந்த ஆயில் கறையைத் துடைத்தான்.

"சாமானைக் குத்தம் சொல்லாத மாப்ளே. முதல் தரமான சாமான்," என்றான். "கொஞ்சம் மட்டமா இருந்து வழுக்கியிருந்தா அங்கனயே நிறுத்தியிருப்பேன்."