பெயருக்கு எதிரே ஒரு வரி

"கட்டுரையில் என் பேருதான் முதல்ல வரணும். இல்லேன்னா உன் ஆய்வேட்டுல கையெழுத்து கிடையாது" என்று கறாராகச் சொன்னார் பேராசிரியர் தணிகாசலம்.

நான்கு வருஷம் அலையாத்திக் காட்டுச் சேற்றில் நின்று நண்டு எண்ணிய மாணவி செங்கமலம், ஆய்விதழ் அனுப்பிய ஒரு படிவத்தை நீட்டினாள்.

"போட்டாச்சு சார். ஒவ்வொரு பேருக்கு எதிரேயும் அவங்க என்ன வேலை செஞ்சாங்கன்னு எழுதணுமாம், அப்படியே அச்சாகுமாம். உங்க வேலையை நீங்களே எழுதிடுங்க."

பேனாவைத் திறந்தார். களப்பணி என்று எழுதலாமா? அவர் படகேறியதே இல்லை. திருத்தம் என்று எழுதலாமா? அவள் கொடுத்த பிரதி, பிரிக்காத உறையோடு அவருடைய காபி டம்ளருக்கு அடியில் கிடந்தது. அவள் அதைப் பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவருக்குக் காது சுட்டது.

தன் பெயரை அடித்துவிட்டு, ஆய்வேட்டில் கையெழுத்திட்டார். கட்டுரையின் கடைசி வரியில் படகுக்காரர் மாசானத்துக்கு நன்றி சொல்லியிருந்தாள். அந்தப் படகுக்காரர் பெயருக்குப் பக்கத்தில்கூட இடம் கேட்கத் தணிகாசலத்துக்கு வாய் வரவில்லை.