கட்டடத்தில் கேட்காத மணி

பேரூராட்சி மன்றத்தில் ஓட்டெடுக்கும் முன் கைமணி அடித்தாக வேண்டும். அடிக்காமல் எடுத்த ஓட்டு செல்லாது. தலைவர் வரதப்பனுக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை. சந்தைத் திடலைத் தன் மைத்துனருக்குக் கொடுக்கும் தீர்மானம் கையில் இருந்தது. எதிர்ப்பவர்களோ பக்கத்து அறையில் போண்டா தின்றுகொண்டிருந்தார்கள்.

டவாலி சடையப்பனைக் கூப்பிட்டார். "மணி அடிக்கணும். ஆனா இந்தக் கட்டடத்துல ஒருத்தர் காதுலயும் விழக் கூடாது. விழுந்தா உன் வேலை போச்சு!"

சடையப்பனின் மனைவி கீரை விற்பது அந்தத் திடலில்தான். "ஆகட்டுங்கய்யா" என்று மணியை இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினான்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் சடையப்பன் வந்தான். பின்னாலேயே கூடையும் தராசுமாகச் சந்தையே வந்தது. இரைச்சல் கேட்டு எதிர்ப்பவர்களும் போண்டாவோடு ஓடிவந்தார்கள்.

"எங்கேடா அடிச்சே?"

"சந்தையில அடிச்சேங்க. இங்க யாருக்காவது கேட்டுச்சான்னு நீங்களே விசாரிங்கய்யா!"

மணி அடித்தாயிற்று, ஓட்டெடுத்தே ஆக வேண்டும். தலைவர் தொண்டையைக் கனைத்து, ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். சந்தைக்காரர்களின் முகத்தைப் பார்த்த அவருடைய ஆட்கள் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. தூக்கிய கை ஒன்றே ஒன்று. அது மூலையில் நின்ற மைத்துனருடையது. அவருக்கு ஓட்டே கிடையாது.