புள்ளி தள்ளிப்போன கிருமி

அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கும் வாய் இருந்தது. பஞ்சத்தில் காட்டு விலங்குகள் செத்து விழ, குடியிருக்க உடம்பில்லாத கிருமி ஒருத்தி, மலையடிவாரத்தில் கொம்பாயி என்பவளிடம் வந்து நின்றாள்.

"அக்கா, உன் தொண்டையோரமா ஒரு மூலை போதும். நானும் என் புள்ளைகளும் தூங்கிக் கிடப்போம்."

கொம்பாயிக்கு மனசு இளகிவிட்டது. ஆனால் அவள் ரத்தத்தில் ஓயாமல் சுற்றிவரும் காவல்காரன் வெள்ளையன் சும்மா விடவில்லை.

"நெத்தியில மூணு புள்ளி பச்சை குத்திக்கோ. உன் புள்ளைகளுக்கும் அதே மாதிரி குத்து. புள்ளி மாறினவனைக் கொன்னுபோடுவேன்" என்றான். கிருமி சம்மதித்தாள்.

சொன்னபடிதான் நடந்தாள். ஆனால் அவளுக்குப் பிள்ளைகள் ஒன்றா, இரண்டா? கை சலித்துப்போய், மூத்ததைப் பார்த்து இளையது தானே குத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். ஒருவன் நெற்றியில் புள்ளி மயிரிழை தள்ளி விழுந்தது. அவனைப் பார்த்துக் குத்தியவனுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி.

ஒருநாள் கொம்பாயி தன் மகள் பூவாத்தாளுக்குக் கிழங்கை மென்று ஊட்டிக்கொண்டிருந்தாள். பல் முளைக்காத பிள்ளைக்கு அப்படி ஊட்டுவதுதான் அவர்கள் வழக்கம்.

"ஆத்தா, நிறுத்து!" என்று வெள்ளையன் கத்தினான். "உன் எச்சில்ல ஒருத்தன் நிக்கிறான். புள்ளி சரியில்ல. கொல்லட்டுமா?"

வீட்டுக்குள் வந்து உண்டவரை, நீ யார் என்று மறுபடி கேட்பது அந்த ஊரில் பெரிய அவமானம். பாழாய்ப்போன அந்த மரியாதைதான் அவளைக் கெடுத்தது.

"ஜாடை அப்படியே இருக்கே. அவ புள்ளதான், விடுப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த வாயை ஊட்டினாள்.

பூவாத்தாளின் ரத்தத்திலும் ஒரு காவல்காரன் உண்டு. தாய் விட்டவனை அவனும் விட்டுவிட்டான்.

வந்தவன் தூங்கவில்லை. பிள்ளையின் தாடையில் குடியேறி, அங்கிருந்த சதையிடம், "வளரு, நிக்காதே" என்றான். சதை கேட்டது. கட்டி தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கியது. ஆறே மாதத்தில், பால்கூட விழுங்க முடியாமல் பூவாத்தாள் செத்துப்போனாள்.

கொம்பாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "உன் புள்ளைகள்ல எவன்டி அவன்? காட்டு!"

கிருமி தன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். ஒரு நெற்றிபோல் இன்னொரு நெற்றி இல்லை. "தெரியலையே அக்கா. எல்லாம் நான் பெத்ததுதான்" என்றாள்.

விரட்டவும் வழியில்லை. அதற்குள் எச்சில் வழியே பரவி, ஊரில் எல்லார் தொண்டையிலும் அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று முதல்தான் அந்தக் கிருமி ஊருக்கொரு முகமாய் நமக்குள் கிடக்கிறது. பெரும்பாலும் கண் விழிப்பதேயில்லை. வெள்ளையனும் அன்று முதல் யார் பேச்சையும் நம்பாமல், ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்துக்கொண்டே நடக்கிறான். அப்படியும் எங்கோ ஒரு வீட்டில், ஒரு பிள்ளையின் தாடை வீங்கத்தான் செய்கிறது.