துண்டுக்கு வெளியே

முதலில் பேரைக் கெடுத்தவன் மாயாண்டி. நிறைந்த சந்தையில், நாலு ஊர் ஆட்கள் பார்க்க, சேவுகனை "மாட்டுத் திருடன்" என்றான். அதற்குப் பிறகு சேவுகன் யார் யாரிடம் முறைத்துக்கொண்டார் என்பது வேறு பேச்சு. முதல் ஆள் மாயாண்டிதான்.

சேவுகன் மாட்டுத் தரகர். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். தலை நரைத்த பிறகு, சந்தைப்பேட்டைக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த யாசினிடம் படிக்கப் போனார். யாசினுக்கு அவர் வயதில் பாதிகூட இல்லை. ஆனாலும் 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிட்டார். நடந்ததைத் தன் கையாலேயே எழுதி, நோட்டீஸ் அடித்து, சந்தையில் ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும். வேறு கை பட்டால் காரம் குறைந்துவிடும் என்பது அவர் கட்சி.

ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒருவழியாக எழுதி முடித்தார். பென்டிரைவை மடியில் முடிந்துகொண்டு அச்சகத்துக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"கெடுத்துட்டான் வாத்தியாரே."

"யாரு?"

"மாயாண்டி மருமகன். அச்சாபீஸ்ல மெஷின் முன்னால அவன்தான் இருக்கான். நான் எழுதின ஒரு எழுத்து இல்லை. பூரா இங்கிலீஷு, புள்ளி, கோடு. என் காளை இருந்த இடத்துல டாலர் நிக்குது. விடிஞ்சா சந்தை."

யாசின் பென்டிரைவை வாங்கி, சேவுகன் பழகிய பழைய கம்ப்யூட்டரில் செருகினார். நோட்டீஸ் கம்பீரமாக வந்து நின்றது. பிடுங்கி, பக்கத்தில் இருந்த புதுக் கம்ப்யூட்டரில் செருகினார். டாலர் வந்தது.

"இங்கேயும் மாயாண்டி மருமகன் இருக்கானா?"

சேவுகன் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எந்த மெஷினுக்கும் எழுத்து தெரியாது, ஐயா. எண்ணுதான் தெரியும். ஓர் எண்ணைக் கொடுத்தா, தன் பட்டியலைப் பார்த்து ஓர் எழுத்தைக் காட்டும். பழைய மெஷின்ல இருக்கறது ஒரு பட்டியல். அச்சாபீஸ்ல இருக்கறது வேற."

"எண்ணு ஒண்ணுதானே? எழுத்து எப்படி மாறும்?"

யாசின் சேவுகனின் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் தொட்டு ரகசியமாக விலை பேசுவதைப்போலத் தன் கைமேல் போட்டுக்கொண்டு நீட்டினார். சேவுகனின் கை பழக்கத்தில் தானாக உள்ளே போனது. யாசின் அவருடைய மோதிர விரலை அழுத்தினார்.

"என்ன சொன்னேன்?"

"முடிஞ்சதுன்னீங்க. மாட்டை அவிழ்த்துக்கலாம்."

"எல்லாச் சந்தையிலுமா?"

"அதெப்படி? கிழக்குச் சந்தையில இதுக்கு 'இன்னும் ஏத்து'ன்னு அர்த்தம். அவனுக வழக்கம் அது. எங்க..."

கை துண்டுக்குள்ளேயே இருந்தது.

யாசின் கவனிக்காதவர்போல வேலையைப் பார்த்தார். பழைய பட்டியலிலிருந்து புதுப் பட்டியலுக்கு நோட்டீஸ் முழுவதையும் மாற்றினார். டாலர் போய்க் காளை வந்தது. சேவுகன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது எந்தச் சந்தைப் பட்டியலு?"

"உலகத்துக்கே ஒண்ணு." யாசின் பட்டியலைத் திறந்து ஓடவிட்டார். தெலுங்கு போனது, பர்மா எழுத்து போனது, அரபு போனது, சீன எழுத்து முடியவே முடியாமல் போய்க்கொண்டிருந்தது.

"நம்மது? நம்மதைக் காட்டுங்க."

"இதோ. க-வுக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து. இந்த எண் உலகத்துல வேற எந்த எழுத்துக்கும் கிடையாது."

"சீனாக்காரன் கேட்டாலும்?"

"கேட்டாலும்."

சேவுகன் தொடையில் தட்டினார். "ழ-வுக்கு? ஓடவிடுங்க, ஓடவிடுங்க. அட, இது யார் எழுத்து, குருவியும் ஆந்தையுமா இருக்கு?"

"பழைய எகிப்துக்காரங்களோடது. அதை எழுதினவங்க எப்பவோ போய்ட்டாங்க."

"ஆள் போயும் இடத்தை விட்டுவெச்சிருக்கானுகளா?" அவர் குரல் வெளியே தெருவரை கேட்டது. "யார் வாத்தியாரே இதைப் பேசி முடிச்சது?"

"பல நாட்டுக்காரங்க உட்கார்ந்து பேசி ஒத்துக்கிட்டாங்க."

"துண்டு போடாமலா?"

"துண்டு போடாம. எல்லாரும் பார்க்க."

சேவுகன் திரும்பித் தன் நோட்டீஸைப் பார்த்தார். அதில் இப்படி இருந்தது: 'விரலை அழுத்தி வியாபாரத்தை முடித்துவிட்டு, நான் காளையை அவிழ்த்ததும், முடிக்கவில்லை என்று பொய் சொன்னவன் மாயாண்டி.'

"அவன் கிழக்குச் சந்தைக்காரன்" என்றார்.

யாசின் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார்.

"அப்ப அவன் பொய் சொல்லலையோ?"

"துண்டுக்குள்ள நான் இல்லையே, ஐயா."

சேவுகன் ஒற்றை விரலை நீட்டினார். அந்த வரியைக் கடைசியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். அடுத்த வரிக்கு வந்ததும் விரல் நின்றது. மாயாண்டி சந்தை நடுவே சொன்ன வார்த்தை அங்கே இருந்தது.

"என்னைத் திருடன்னான். துண்டு போட்டுச் சொல்லலை. வாயைத் திறந்து சொன்னான்." அவர் குரல் தணிந்தது. "இதை எந்தப் பட்டியல்ல வெச்சுப் படிச்சா சரியாத் தெரியும், வாத்தியாரே?"

யாசின் திரையைப் பார்த்தார்.

"அது சரியாத்தான் தெரியுது, ஐயா. சொன்னவர் வந்துதான் அழிக்கணும்."