ஓடாமல் நடந்த பூரணி

முன்னொரு காலத்தில், மீன்களுக்கு ராஜா யார் என்று இன்னும் முடிவாகாத காலத்தில், நடுக்கடலில் ஏழுபனைத் தீவு என்று ஒரு தீவு இருந்தது. அந்தத் தீவுக்காரர்களுக்கு நடக்கவே தெரியாது. படகைத் தள்ள ஓடுவார்கள், வலையை இழுக்க ஓடுவார்கள், கருவாட்டைப் புரட்ட ஓடுவார்கள். அவர்களுக்குள் பெரிய ஓட்டக்காரி பூரணி. சோறு தின்னும்போதுகூட ஒரு காலை வாசல் பக்கம் வைத்திருப்பாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீவின் தென்முனையில் நீலச்சடையன் என்று ஒரு மந்திரவாதி இருந்தான். கரையோரம் கை வீசி உலாவுவது அவனுக்கு உயிர். ஜனங்களோ குறுக்கும் நெடுக்கும் ஓடி அவன் மேல் மணலை வாரி இறைத்தார்கள். ஒருநாள் அவனுக்குப் பொறுக்கவில்லை. கடலைத் தொட்டு ஆணையிட்டான்.

"இனிமே இந்தக் கரையில ஓடுறவங்க அத்தனை பேரும் உள்ளான் குருவியாப் போகட்டும்! என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். நான் என்னைக்கு ஓடினேன்?"

உள்ளான் தெரியுமல்லவா? அலை வந்தால் மேலே ஓடும், அலை போனால் கீழே ஓடும், குச்சிக் கால் பறவை.

மறுநாள் காலையில் ஒரு படகு கயிறு அவிழ்ந்து மிதந்து போனது. அதைப் பிடிக்க ஓடினான் பூரணியின் கணவன் கடம்பன். ஓர் எட்டு, இரண்டு எட்டு, மூன்றாவது எட்டில் ஆளைக் காணோம். மணலில் ஒரு குருவி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் கரை நிறையக் குருவிகள்.

பூரணி கரைப் பக்கம் போகாமல் வீட்டிலேயே கிடந்து அழுதாள். இது நீலச்சடையன் வேலை என்று தெரிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே அவனிடம் போனாள்.

"எங்க வீட்டுக்காரரைத் திருப்பிக் குடு."

"குடுக்கிறேனே! பொழுது விடிஞ்சதிலேர்ந்து அடையிற வரைக்கும் இந்தக் கரையில சும்மா உலாவு. ஒரு எட்டுகூட அவசரப்படக் கூடாது. ஜெயிச்சா உங்க ஆளுங்க எல்லாரும் மனுஷங்களாயிருவாங்க. தோத்தா நீயும் குருவி, அவங்களும் என்னைக்கும் குருவி." அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நீயாவது, சும்மா இருக்கிறதாவது!"

"இருந்து காட்டுறேன்" என்றாள் பூரணி.

விடிந்தது. பூரணி கரையில் இறங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு உலாவியவள் இந்த உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். குருவிக் கூட்டத்திலிருந்து ஒன்று மட்டும் பிரிந்து வந்து அவள் கூடவே ஓடியது. அது யாரென்று அவளுக்குத் தெரியும்.

நடந்தாள், நடந்தாள், மெதுவாக நடந்தாள்.

நீலச்சடையன் ஒரு பாறை மேல் உட்கார்ந்து விரலைச் சொடுக்கினான். வானம் கறுத்தது. மேட்டிலிருந்து பக்கத்து வீட்டு இருளாயி கத்தினாள்: "மதினி! மழை வருது! உங்க கருவாடு அம்புட்டும் வெளியில கெடக்கு! ஓடியாங்க!"

மூன்று மாத உழைப்பு அது. பூரணியின் வலது கால் தானாகவே எழும்பியது. எழும்பிய காலை அப்படியே மெல்ல இறக்கி வைத்தாள்.

"ஒன்னால முடிஞ்சத அள்ளும்மா. நான் உலாவுறேன்."

மழை கொட்டியது. நனைந்துகொண்டே நடந்தாள், நடந்தாள், மெதுவாக நடந்தாள்.

உச்சிப்பொழுதில் அவன் மறுபடியும் விரலைச் சொடுக்கினான். மேகம் விலகியது, கடல் கண்ணுக்கெட்டாத தூரம் உள்வாங்கியது, மணல் அடுப்பாகக் கொதித்தது. வெறுங்காலோடு சுடுமணலில் யார்தான் ஓடாமல் இருப்பார்கள்? பூரணியின் கண்ணில் நீர் வந்தது. ஆனால் மேல் மணல்தான் சுடும், ஒரு சாண் ஆழத்தில் ஈரம் இருக்கும் என்று கரைக்காரிக்குத் தெரியாதா? பாதத்தைப் புதைத்து, குளிரவிட்டு, பிடுங்கி, அடுத்ததைப் புதைத்தாள். எட்டுக்கு எட்டு அவளுடைய நடை இன்னும் மெதுவாகியது.

வெயில் தாழ்ந்தது. கடலும் திரும்பி வந்தது. ஒரு நண்டு தன் வளையிலிருந்து மண்ணை உருட்டி உருட்டி வெளியே தள்ளுவதை அவள் நின்று பார்த்தாள். தண்ணீர் ஓரிடத்தில் பச்சையாகவும் ஓரிடத்தில் ஊதாவாகவும் இருப்பதைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் இதெல்லாம் இங்கேதானே இருந்தது என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம்கூட வந்தது. எப்போது பல்லைக் கடிப்பதை விட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

சூரியன் கடலைத் தொடப்போகும் நேரம். நீலச்சடையனுக்கு வியர்த்தது. மூன்றாம் முறை விரலைச் சொடுக்கினான். கடற்பாசிக் குவியலிலிருந்து ஒரு கறுப்புப் பூனை எழுந்தது. பூரணிக்கு முப்பது எட்டு முன்னால் போய் நின்ற அந்தக் குருவியைப் பார்த்துப் பதுங்கியது. குருவி பயத்தில் உறைந்து நின்றது.

பூரணிக்கு உயிரே போயிற்று. ஓடு ஓடு என்று உடம்பு முழுக்கத் துடித்தது. ஓடினால் அவள் குருவி, அவனும் என்றென்றும் குருவி. அவள் நின்ற இடத்திலிருந்தே ஊர் கேட்கக் கூவினாள்:

"ஏங்க! ஓட்டம் உங்க கால்லதான இருக்கு! நீங்க ஓடுங்க! நான் நடக்கிறேன்!"

குருவி சிலிர்த்தது. பூனை பாய்ந்தது. குருவி அலைக்குள் ஓடியது. தண்ணீர் பட்டதும் பூனை சீறிப் பின்வாங்கியது. பூரணி ஒரு காலை எடுத்து வைத்தாள், பிறகு மறுகாலை.

சூரியன் நகக்கண் அளவுதான் மிச்சம். "ஓடுடி! ஏன்டி ஓட மாட்டேங்கிற?" என்று அலறிய நீலச்சடையன், அவளைப் பிடித்துத் தள்ளிவிடப் பாறையிலிருந்து குதித்து ஓடி வந்தான். ஆமாம், ஓடித்தான் வந்தான்! ஓர் எட்டு, இரண்டு எட்டு, மூன்றாவது எட்டில் அவனுடைய சடை இறகாகிவிட்டது.

பொழுது அடைந்தது. கரை முழுக்கக் குருவிகள் மனிதர்களாகி எழுந்து நின்றார்கள். ஒரு குருவி மட்டும் அலைக்குப் பயந்து மேலே ஓடிக்கொண்டிருந்தது.

முழங்கால் தண்ணீரில் கடம்பன் நின்றான். முதலில் அவளைப் பார்த்தான், அடுத்து மேட்டைப் பார்த்தான். "ஐயையோ, கருவாடு நனைஞ்சிருக்குமே! வா, வா!" என்று கிளம்பினான்.

பூரணி அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "நனைஞ்சா நனையட்டும். என்கூட நடந்து வாங்க."

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தது அன்றைக்குத்தான். அவர்கள் வீடு போய்ச் சேரட்டும், கதை கேட்ட நாமும் மெதுவாகவே எழுந்து போவோம்.